தேதி போட்ட கை

கதை கட்டுவது என் தொழில். இல்லாத ஊரில் இல்லாத மனிதர்களை நடமாட விட்டுச் சன்மானம் வாங்குகிறவன் நான். காதரின் ஈபன் எழுதி 2019-ல் வெளிவந்த 'பாட்டில் ஆஃப் லைஸ்' என்ற ஆங்கிலப் புஸ்தகத்தைப் படித்தபோது, என்னிலும் கைதேர்ந்த கதாசிரியர்கள் மருந்துக் கம்பெனியில் இருந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன்.

விஷயம் ரான்பாக்ஸியைப் பற்றியது. ஒரு மாத்திரை எத்தனை காலம் கெடாது என்று அறிய, அதைக் குறிப்பிட்ட உஷ்ணத்தில் வைத்து, மாதக் கணக்கில் இடைவெளி விட்டுச் சோதிக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ் ஆலையில் அப்படிப்பட்ட சோதனைகள் சிலவற்றை ஒரே நாளில் முடித்துவிட்டு, வேறு தேதிகளைப் போட்டு அமெரிக்க அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். மாதிரி மாத்திரைகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்ததையும் சொல்லவில்லை. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது.

குளிர்ப்பெட்டி என்றதும் எனக்கு மேலூர்ப் பக்கத்து மருந்துக் கடைகள் ஞாபகம் வந்தன. சித்திரை வெயிலில் தகரக் கூரை தகிக்கும். களையெடுத்துவிட்டு வருகிற ஒருத்தி, ஜுரத்தில் கிடக்கும் பிள்ளைக்கு நாலு மாத்திரை கத்தரித்து வாங்கிப் போவாள். அவள் கடைக்காரரை நம்புகிறாள். அவர் அட்டையிலுள்ள தேதியை நம்புகிறார். தேதியோ எங்கோ ஒருவன் எழுதிய சோதனைக் கணக்கை நம்பி நிற்கிறது.

கம்பெனிக்குள்ளேயே இதை ஆராய்ந்தவர் தினேஷ் தாக்கூர். 2004-ல் மேலதிகாரி சொன்னதன் பேரில் கணக்குகளைத் துருவினார். அறிக்கை டைரக்டர்கள் முன் வைக்கப்பட்டது. பிறகு அமுங்கிப் போயிற்று. மேலதிகாரி விலகினார், 2005-ல் தாக்கூரும் விலகினார். தம் சின்ன மகனுக்குச் சொந்தக் கம்பெனி மருந்தைக் கொடுத்து, ஜுரம் இறங்காமல், வேறு கம்பெனி மருந்தை வாங்கிக் கொடுத்த தகப்பன் அவர். அந்த இடத்தை ஆசிரியை அலட்டிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார். நான் எழுதியிருந்தால் கண்ணீர் விட்டுக் கெடுத்திருப்பேன்!

ஆனால் இந்தியர்களின் குறுக்கு வழிப் புத்தியே காரணம் என்பதுபோல் அங்கங்கே ஒலிக்கும் தொனி எனக்குச் சம்மதமில்லை. புகைச் சோதனையை ஏமாற்ற ஜெர்மானிய வோக்ஸ்வாகன் கம்பெனி காருக்குள்ளேயே தந்திரம் வைத்திருந்தது 2015-ல் அம்பலமாயிற்றே, அது எந்த ஊர்ப் புத்தி?

இன்னொரு குறையும் உண்டு. அந்தத் தேதிகளை எழுதிய கை யாருடையது? மாதச் சம்பளக்காரன் எவனுடையதாகவோதான் இருக்கும். எழுதி முடித்ததும் வெளியே போய் ஒரு டீ குடித்தானா? ராத்திரி அவன் குழந்தைக்கு ஜுரம் வந்தபோது எந்தக் கம்பெனி மருந்தைக் கேட்டு வாங்கினான்? புஸ்தகத்தை மூடிய பிறகும் எனக்கு அந்த ஆள்தான் வேண்டியிருந்தது.