புனிதம் எனும் சொல்லும் சட்டத்தின் எல்லையும்

இறைநிந்தனைச் சட்டங்கள் இன்றும் செயற்படுத்தத்தக்கனவா எனும் வினா எழும்போது ஆய்வாளர் பெரும்பாலும் இங்கிலாந்தையே சுட்டுவர். அங்கு 1977இல் ‘கே நியூஸ்’ இதழின் ஆசிரியர் கவிதையொன்றை வெளியிட்டமைக்காகத் தண்டிக்கப்பட்டார். 2008இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. வழக்கொழிந்த பின் சட்டமும் ஒழிந்தமைக்கு அஃது எடுத்துக்காட்டு. தமிழகத்து வழக்கொன்று இதனினும் சிக்கலான விடையைத் தருகிறது என்பது நம் கருத்து.

1953ஆம் ஆண்டு மே 27 அன்று பெரியார் ஈ.வெ.ரா. திருச்சிராப்பள்ளியில் களிமண் பிள்ளையார் உருவமொன்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் தொடுத்த வழக்கைக் கீழ்நீதிமன்றங்களும் சென்னை உயர்நீதிமன்றமும் தள்ளின. வழிபாட்டிற்கென நிறுவப்படாத மண்ணுருவம் புனிதப்பொருள் ஆகாது என்பதே அவற்றின் நிலைப்பாடு. 1958இல் உச்சநீதிமன்றம் இதனை மறுத்தது. ஒரு வகுப்பினர் புனிதமெனக் கருதும் எப்பொருளும், அஃது எத்துணை எளியதாயினும், வழிபடப்படாததாயினும், 295ஆம் பிரிவினுள் அடங்கும் என்றது. எனினும், காலம் கடந்துவிட்டமையால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டம் விரிந்தது, தண்டனை நிகழவில்லை.

இத்தீர்ப்பின் முற்பகுதியில் நியாயம் உண்டு. கருவறைக் கற்சிலைக்குள்ள காப்பு ஏழையின் வீட்டு மண்பிள்ளையாருக்கும் வேண்டும் அன்றோ? ஆயின், புனிதத்தின் அளவுகோல் சடங்கிலிருந்து உணர்வுக்கு இடம்பெயர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. சடங்கிற்குச் சான்று உண்டு. உணர்வுக்கு எல்லை எது? சதுர்த்தி முடிந்ததும் அதே மண்ணுருவை அடியவரே நீரில் கரைக்கின்றனர். ஆகவே, குற்றத்தைத் தீர்மானிப்பது பொருளன்று, நோக்கமே. இழிவுபடுத்தும் நோக்கத்தைச் சட்டமும் வேண்டுகிறது. அந்நோக்கத்தை ஆராயாமலே வழக்கு முடிந்தமைதான் இத்தீர்ப்பின் பெருங்குறை.

சொல்லாலும் எழுத்தாலும் நிகழும் நிந்தனைக்கு 1927இல் சேர்க்கப்பட்ட 295அ பிரிவு உரியது. திட்டமிட்ட, தீய நோக்கம் மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும். நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன்னனுமதியும் வேண்டும். எனவே, இச்சட்டத்தின் உயிர்ப்பு அரசின் விருப்பத்தையும் சார்ந்துள்ளது. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்கிதாவும் இவ்விரு பிரிவுகளை 298, 299 எனத் தொடர்கிறது. ஆகவே இவை செத்த சட்டங்கள் அல்ல. சீராகச் செயற்படாத சட்டங்கள்.

இது நமக்கும் அயலான செய்தியன்று. மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தவை. மேலும், உருவ வழிபாட்டை எள்ளிய சிவவாக்கியரை நாம் வகுப்பறையில் பயிற்றுகிறோம். கேட்போரின் மனவருத்தமே குற்றத்தின் அளவுகோல் ஆகுமெனின், சித்தர் மரபு நம் பாடத்திட்டத்தில் நிலைபெறுதல் அரிது. நோக்கத்தை முதலில் வினவும் சட்டமே வழிபடுவோரையும் வினவுவோரையும் ஒருங்கே காக்கும்.