ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு பொய்ப் பால்கனி

கப்பலில் கடல் தெரியாத அறை என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். “அவ்வளவு காசு கட்டிப் போயி பெட்டிக்குள்ளயா படுக்கிறது?” என்பது வழக்கமான கேள்வி. இதே கேள்வி உலகம் முழுக்க உண்டு போலிருக்கிறது. ராயல் கரீபியன் நிறுவனம் 2014-ல் ‘நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அதற்கு ஒரு பதிலை மாட்டியது. உள்பக்க கேபினின் சுவரில் 80 அங்குலத் திரை. வெளியே பொருத்திய கேமராக்கள் அந்த நிமிடத்தில் பார்க்கும் கடல் அதில் ஓடும். பெயர் ‘விர்ச்சுவல் பால்கனி’. அதற்கு முன்பே, 2011-ல் வந்த ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் வட்டவடிவப் போலி ஜன்னல்கள் இருந்தன. அதில் நடுநடுவே கார்ட்டூன் பாத்திரங்களும் எட்டிப் பார்க்கும், குழந்தைகளுக்காக.

2014-ன் கடைசியில் தொடங்கிய குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்பக்க கேபின் எல்லாவற்றுக்கும் இந்தத் திரை உண்டு. இந்த வகைக் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்தும் ஓடியிருப்பதால் நம்மவர்களுக்கும் பழக்கமாகிவிட்டது.

திரை ஏறக்குறைய தரையிலிருந்து கூரை வரை நிற்கிறது. படத்தின் அடியில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வரைந்திருக்கிறார்கள், நாம் பால்கனியில் நிற்கிறோம் என்று நம்புவதற்காக. நான் நம்பவில்லை. பக்கத்தில் போனால் புள்ளிகள் தெரிகின்றன, உப்புக்காற்று கிடையாது. ஆனால் காலையில் இதன் அருமை தெரியும். சாதாரண உள்பக்க கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. மணி மூன்றா ஒன்பதா என்று கைப்பேசியைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். இங்கே அறை மெல்லச் சாம்பல் நிறமாகிறது, பிறகு கட்டில் விளிம்பு தெரிகிறது, பிறகு திரையில் ஒரு சரக்குக் கப்பல் போகிறது. எழுந்துவிடலாம் என்று உடம்பு தானே முடிவு செய்கிறது. அலைச் சத்தம் வேண்டாமென்றால் ரிமோட்டில் குறைக்கலாம், திரையையே அணைத்தும் விடலாம்.

நேரலை என்பது வெறும் விளம்பரமில்லை. கடலில் குமட்டுவதற்குக் காரணம், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறது’ என்று சொல்லும்போது கண் ‘ஆடவில்லையே’ என்று மறுப்பதுதான். முன்பே எடுத்த கடல் வீடியோவை ஓட்டினால் இந்தச் சண்டை முற்றும். கப்பலோடு சேர்ந்து ஆடும் கேமரா காட்டும் அடிவானம் கொஞ்சமாவது உடம்போடு ஒத்துப்போகிறது. ஆனாலும் தலைசுற்றுகிறவர்கள் திரையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மேல்தளத்துக்குப் போய் நிஜ அடிவானத்தைப் பாருங்கள்.

கேபின் வகையைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம் என்பது என் கட்சி. முன்பதிவு செய்யும்போது எல்லோரும் உள்பக்கமா, ஜன்னலா, பால்கனியா என்று மட்டும் பார்க்கிறார்கள். கப்பல் அலையில் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது சீசா பலகை மாதிரிதான்: நுனியில் இருப்பவருக்கு ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவருக்குக் குறைவு. பக்கவாட்டு ஆட்டம் மேலே போகப் போகக் கூடும். அதனால் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்றால் வயிறு பிழைக்கும். நவீனக் கப்பல்களில் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் நீளும் ஸ்டெபிலைசர் தகடுகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். மூக்கு தூக்கி இறங்குவதை ஒன்றும் செய்யாது. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு போகிற பயணத்தில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் ஒடுங்கிய கடல் அது, பெரும்பாலும் அமைதி. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்சீனக் கடலில் வியட்நாம் பக்கம் போகிறவர்கள்தான் நடு கேபினுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்.

அடுத்தது சத்தம். கப்பலின் தள வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் கேபினுக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கோ நடன அரங்கோ இருந்தால் நள்ளிரவு வரை மேளதாளம்தான். மேலும் கீழும் கேபின்களே இருப்பதுதான் உத்தமம். முன்பக்கக் கீழ்த்தளத்தில் இருப்பவர்களை, துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் மோட்டார்கள் காலையில் எழுப்பிவிடும். பக்கத்து அறையோடு இணைப்புக் கதவு உள்ள கேபின், குடும்பமாகப் போகிறவர்களுக்கு வசதி. மற்றவர்களுக்கு அது பக்கத்து வீட்டுக் குறட்டை.

பால்கனிதான் வேண்டுமென்றால் எந்தப் பக்கம் என்றும் யோசியுங்கள். பினாங்கு நோக்கிப் போகையில் வலது பக்கம் மலேசியக் கரை, இடது பக்கம் சூரிய அஸ்தமனம், திரும்பும்போது மாறிவிடும். ஆனால் சின்னப் பயணத்தில் பகலெல்லாம் சாப்பாடும் நிகழ்ச்சியும் இழுத்துக்கொண்டு போகும்; பால்கனி நாற்காலியில் காற்றுதான் உட்கார்ந்திருக்கும். இந்த விலைப்பட்டியலில் எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராதது திறக்காத ஜன்னல் கேபின்தான். காற்றும் வராது, மலிவும் இல்லை. சிலவற்றில் உயிர்காப்புப் படகின் முதுகுதான் தெரியும். விலை குறைவாக இருந்தால் அந்த வரி எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். ‘கேரண்டி’ என்று மலிவாக விற்பதில் அறையைக் கம்பெனியே ஒதுக்கும். பொறுக்கும் உரிமை போய்விடும்.

அறைக்குள் போனதும் சில விஷயங்கள் புதிதாக இருக்கும். உள்பக்க கேபின் சுமார் 160, 170 சதுர அடி. இருவருக்குத் தாராளம், நாலு பேருக்கு நெருக்கடி. சுவரெல்லாம் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். துணி, பை, தொப்பி எல்லாம் தொங்கவிட நாலைந்து கொண்டுபோங்கள். நம் ஊர் மூன்று முனை பிளக் பெரும்பாலும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில் போன்றவற்றைத் தீ பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கழிப்பறை வெற்றிடத்தால் உறிஞ்சும் வகை, முதல் தடவை குழந்தைகள் அலறும். கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் ரோமிங் ஏறிவிடும். பல கப்பல்களில் டிப்ஸ் ஒரு நாளுக்கு, ஒரு ஆளுக்கு என்று பில்லில் தானாகச் சேரும். டிக்கெட் விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, தப்பிக்க முடியாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கன்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அப்போது புதிதாக ஏறியவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். கேபின் கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் உங்கள் கூடுமிடத்தைப் பார்த்து, ஒரு தடவை படியில் நடந்து போய் வாருங்கள். ஆபத்தில் லிஃப்ட் கிடையாது.

சென்னையிலிருந்து கப்பல் ஏற நினைப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஜூனில் இங்கிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போன ‘எம்ப்ரஸ்’ 1990-ல் கட்டிய கப்பல். அந்தக் காலக் கப்பல்களில் பால்கனி கேபின்கள் சொற்பம், திரைப் பால்கனி என்ற பேச்சே அப்போது கிடையாது. வங்கக் கடலும் மலாக்கா நீரிணை இல்லை. அப்படிப்பட்ட கப்பலில் நடுப்பகுதி உள்பக்க கேபினை எடுத்து, மிச்சக் காசைக் கரையில் செலவழிப்பேன்.