ஜோக்குக்கு விழுந்த லைக்

2019 ஜூலையில் சொமாட்டோ ட்விட்டரில் இந்தியில் ஒரு வரி போட்டது: எப்போதாவது வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுங்கப்பா என்று. ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் கம்பெனி இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மற்ற பிராண்டுகள் வரிசை கட்டி வந்தன. ராத்திரி மூன்று மணிக்காவது போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்றது யூடியூப் இந்தியா. கேபிளிலும் ஏதாவது பாருங்கள் என்றது அமேசான் பிரைம் வீடியோ. கடைசியில் சொமாட்டோவே, எப்போதாவது சொந்தமாகவும் நல்ல ட்வீட் யோசிக்கலாமே என்று ஒரு குட்டு வைத்தது.

அந்த வரியின் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சொமாட்டோவும் அதன் போட்டிக் கம்பெனியான ஸ்விக்கியும் பெரும்பாலும் அதே ஓட்டல்களிலிருந்து அதே பிரியாணியைத்தான் கொண்டு வருகின்றன. சரக்கில் வித்தியாசம் இல்லாத தொழிலில் பேச்சுதான் வித்தியாசம். அந்தப் பேச்சிலும் ஆஃபர் இல்லை, கூப்பன் இல்லை, 'இப்போதே வாங்குங்கள்' இல்லை. தன்னையே கிண்டல் செய்துகொண்ட அந்த அடக்கம்தான் அதன் பலம்.

காப்பியடித்தவர்கள் எடுத்துக்கொண்டதோ கிண்டலை மட்டும். நம்மூர்க் கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பாருங்கள். தினம் ஒரு வடிவேலு மீம். அதன் கீழே 'ஞாயித்துக்கிழமை கடை உண்டா?' என்று ஒருவர் கேட்டிருப்பார்; பதில் இருக்காது. புடவைப் பக்கங்களில் இன்னொரு வேடிக்கை: விலையைப் போடமாட்டார்கள். நூறு பேர் 'விலை?' என்று கேட்க, நூறு பேருக்கும் 'டி.எம். பாருங்க' என்று பதில். கமென்ட் கணக்கு ஏறுகிறது. அதில் பாதி கேட்டவர்களின் எரிச்சல். லைக் போடு, ஷேர் பண்ணு என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக்கே 2017 டிசம்பரில் அறிவித்தது. எண்ணிக்கையை உற்பத்தி செய்யலாம் என்பது எண்ணுகிறவர்களுக்கே தெரியும்.

நிஜமான சோதனை சொமாட்டோவுக்கு 2021 அக்டோபரில் வந்தது. தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆர்டரில் ஒரு அயிட்டம் வரவில்லை. சாட்டில் புகார் சொன்னார். மொழிப் பிரச்சினையால் ஓட்டலிடம் பேச முடியவில்லை என்றார் எதிர்முனையில் இருந்தவர். தமிழ் தெரிந்தவரை வேலைக்கு வைக்க வேண்டியதுதானே என்று இவர் கேட்க, இந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஸ்க்ரீன்ஷாட் பரவி, புறக்கணிப்பு ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனது. இந்தி ஜோக் பிடிக்காதவர் கடந்து போய்விடலாம். காசு கட்டிய சாப்பாடு குறைந்தவர் எங்கே போவார்? சொமாட்டோ தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. கோவையில் தமிழ் கால் சென்டர் வருகிறது என்றது, அந்த ஊழியரை நீக்கியதாகவும் அறிவித்தது. மன்னிப்புவரை சரி. ஆனால் அதே நாளில் நிறுவனர் தீபிந்தர் கோயல், கால் சென்டரில் யாரோ அறியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சினையாகிவிட்டதே, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும் என்று எழுதி, ஊழியரைத் திரும்பச் சேர்த்தார். சேர்த்தது நியாயம், கீழ்நிலை ஊழியரைப் பலி கொடுத்துத் தப்பிப்பது அசிங்கம். ஆனால் கோபப்பட்டவர்களுக்குப் பாடம் எடுத்ததில் காலையில் கேட்ட மன்னிப்பு மாலைக்குள் நீர்த்துப்போனது.

2023 ஜூனில் அதே கிண்டல் வேறு பக்கம் திரும்பியது. 'லகான்' படத்தின் தலித் பாத்திரமான கச்ராவை, பெயருக்குக் குப்பை என்று அர்த்தம் என்பதற்காகவே, மேசை விளக்கு போன்ற பொருட்களாக உட்காரவைத்து மறுசுழற்சி விளம்பரம் எடுத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அதை நீக்கிவிட்டார்கள். தன்னையே கிண்டல் செய்து ரசிக்க வைத்த சாமர்த்தியம், காலங்காலமாக மிதிபட்டவர்மேல் ஏறியதும் வெறும் திமிராகிவிட்டது.

இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது சிரிப்பே இல்லாத ஒன்று. 2024 மார்ச்சில், சைவ உணவுக்குத் தனி டெலிவரிப் பிரிவு, பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி என்று அறிவித்தார்கள். வழக்கமான சிவப்புச் சட்டைக்காரரை அசைவக்காரர் என்று குடியிருப்புச் சங்கங்கள் வாசலில் மறித்தால் என்ன செய்வார், வாடகைக்கு இருப்பவரிடம் ஓனர் என்ன சொல்வார் என்று ஜனங்கள் கேட்டார்கள். ஒரே நாளில் பச்சைச் சட்டை போய், எல்லாருக்கும் சிவப்பே என்று முடிவானது. தனிப்பிரிவு என்ற யோசனையைக் கைவிடவில்லை.  ஆனாலும் எதிரே இருப்பவர் சொன்னது சேவையின் வடிவத்தையே மாற்றியது இங்கேதான். 2019 வரிக்கு விழுந்த லைக்குகள் எதையும் மாற்றவில்லை.

அதனால் சொமாட்டோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைக்கும் கடைக்காரருக்கு நான் சிபாரிசு செய்வது அந்தப் பச்சைச் சட்டையைக் கழற்றியதைத்தான். மீம் எழுத ஆள் பிடிப்பதற்கு முன்னால், கமென்ட்டைப் படித்துக் கடைக்குள் எதையாவது மாற்றும் அதிகாரத்தோடு ஒருவரை உட்காரவைக்கட்டும். புடவையின் விலையையும் போட்டுவிடட்டும்.