அரசியல் நூல்களைச் சுவைத்தலும் தன்மைப் பன்மையும்

அரசியலைப் பொருளாகக் கொண்ட நூல்களைச் சுவைக்காகப் படிப்பவரைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் ஐயத்தோடுதான் நோக்கி வந்துள்ளது. தாம் சார்ந்த இயக்கத்தின் நூலைச் சுவைப்பவராயின் அவர் தொண்டர். மாற்றுத் தரப்பினரின் நூலைச் சுவைப்பவராயின் அவர் கொள்கையுறுதி இல்லாதவர். தலைவர்களின் தன்வரலாறுகள் வெளிவரும்போது எழுதப்பெறும் மதிப்புரைகளைப் பார்த்தால் இது விளங்கும். அவற்றுள் பல, நூலில் உள்ள செய்தி சரியா தவறா என்பதோடு நின்றுவிடுகின்றன. விந்தைப் புனைகதையாயின் அதனுள் மறைந்திருக்கும் உண்மை ஆள் யார் என்று கண்டுபிடிப்பதே திறனாய்வாகிவிடுகிறது. படித்தபோது மகிழ்ச்சி ஏற்பட்டதா, அம்மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுப்பப்பெறுவதில்லை.

சுவை வேறு, உடன்பாடு வேறு என்பது நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று. கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை ஆகியவற்றினின்று பெருமிதம் பிறக்கும் என்று கூறும் மெய்ப்பாட்டியல், அஞ்சாதவன் நம்மவனாக இருத்தல் வேண்டும் என்று எங்கும் கூறவில்லை. அரசியல் நூலைப் படிப்பவன் அடையும் சுவைக்கும் தன்மைப் பன்மைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அரசியல் நூல் எதுவாயினும் அது ஏதோ ஒரு கூட்டத்தின் பெயரால் பேசுகிறது. அக்கூட்டத்துள் படிப்பவனுக்கு இடம் உண்டா என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் அவன் சோதித்துக்கொண்டே செல்கிறான். அச்சோதனையே இச்சுவையின் பெரும்பகுதி என்பது என் கருத்து.

தமிழில் இச்சோதனைக்குரிய கருவி இலக்கணத்திலேயே உள்ளது. 'நாம்' கேட்பவரை உளப்படுத்தும். 'நாங்கள்' அவரை விலக்கும். பழந்தமிழில் 'யாம்' நின்ற இடத்தைப் பின்னர் 'நாங்கள்' பெற்றது. அரசர் தம் ஒருவரைக் குறிக்க 'நாம்' என்றதும், ஆய்வுக்கட்டுரையாளர் 'நாம் காண்கிறோம்' என்று எழுதிப் படிப்பவரைத் தம் முடிவுக்கு முன்கூட்டியே உடன்படுத்திக்கொள்வதும் இதன் விரிவுகள். (இக்கட்டுரையாளரும் இதற்கு விலக்கல்லர்.) ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை; இந்தியிலும் இல்லை. ஆனால் மராத்தியில் உண்டு. 'ஆம்ஹி' என்பது கேட்பவரை விலக்குவது, 'ஆபண்' உளப்படுத்துவது. குஜராத்தியிலும் 'அமே', 'ஆபணே' என்னும் இணை உள்ளது. இந்தோ-ஆரிய மொழிகளாகிய இவற்றில் இவ்வேறுபாடு அமைந்தமைக்குத் திராவிடத் தாக்கமே காரணம் என்று கருதும் மொழியியலார் பலர். காரணம் எதுவாயினும், இம்மொழிகளில் எழுதும் அரசியல்வாதி ஒவ்வொரு தொடரிலும் படிப்பவனை உள்ளே அழைப்பதா வெளியே நிறுத்துவதா என்று முடிவுசெய்தே ஆதல் வேண்டும்.

இதனை ஆராய்வதற்குச் சிஞ்ச்வட் ஏற்ற ஊர். இன்று புணேயை ஒட்டிய தொழில் நகரமாகிய பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் ஒரு பகுதி. தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கு உண்டு. பவனா ஆற்றங்கரையில் மோர்யா கோசாவியின் சமாதிக் கோயிலுக்குப் பெயர்பெற்ற பழைய ஊர்ப்பகுதியில்தான் சாபேகர் சகோதரர்களின் வீடு உள்ளது. 1897 சூன் 22 அன்று, விக்டோரியா அரசியின் வைரவிழா இரவில், புணேயின் பிளேக் நோய்த் தடுப்பு அதிகாரி ராண்டு கணேஷ்கிண்டு சாலையில் சுடப்பட்டார். உடன் சுடப்பட்ட லெப்டினன்ட் அயர்ஸ்ட் உடனே இறந்தார். ராண்டு சூலை 3 அன்று இறந்தார். மூத்தவரான தாமோதர் ஹரி சாபேகர் 1898 ஏப்பிரல் 18 அன்று எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டார். தம்பியர் வாசுதேவும் பாலகிருஷ்ணனும், அவர்களின் நண்பர் மகாதேவ் ராணடேயும் 1899 மே மாதத்தில் அதே முடிவை எய்தினர்.

தாமோதர் சிறையிலிருந்தபோது தம் வரலாற்றை மராத்தியில் எழுதினார். அதனை முதலில் படித்தவர்கள் காவல்துறையினர். அரசு பயன்பாட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட அந்நூல் நெடுங்காலம் அவ்வடிவிலேயே வரலாற்றாய்வாளரின் கைக்கு வந்தது. மராத்தி வடிவம் பின்னரே அச்சேறியது. தலைவர்களின் தன்வரலாறுகளில் காணும் நிதானமோ தற்காப்போ இதில் இல்லை. ஹரிகதை நிகழ்த்தும் தந்தையோடு ஊர் ஊராகச் சென்று இசைக்கருவி வாசித்த பிள்ளைப் பருவம், படையில் சேரக் கொண்ட ஆசை, பம்பாயில் அரசியின் சிலைக்குத் தார் பூசிச் செருப்பு மாலை அணிவித்தது ஆகியவற்றைத் திருவிழாவுக்குச் சென்று வந்தவர்போல் அவர் சொல்கிறார். படிப்பவர் சிரிக்காமல் இருத்தல் அரிது. அடுத்து, சமூகச் சீர்திருத்தம் பேசியவர்களை வழிமறித்து அடித்ததையும் அதே குரலில், அதே பெருமிதத்தோடு சொல்கிறார். அங்கே இக்கட்டுரையாளர் போன்ற வாசகரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. குரலில் மாற்றமில்லை, மாறியது வாசகனின் இடமே.

ஆங்கில வடிவில் இவ்விடங்களில் உள்ள தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. தாமும் தம்பியும் செய்தது, தம் நண்பர் குழு செய்தது, இந்துக்கள் அனைவரும் உணர்ந்ததாக அவர் கருதுவது ஆகிய மூன்றும் ஒரே சொல்லால் வருகின்றன. எனவே அண்ணனும் தம்பியும் இருட்டில் செய்த செயலிலிருந்து ஒரு சமுதாயம் முழுவதன் மனநிலைக்குச் செல்லும் தாவல், ஆங்கிலத்தில் படிப்பவரின் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. அரசுக்கு அது வசதியாகவே இருந்திருக்கும். மராத்தியில் முதலாவதற்கு 'ஆம்ஹி' அன்றி வேறு வழியில்லை. தமிழில் இதனைப் பெயர்ப்பவர் ஆங்கிலத்தை நம்பி எல்லா இடத்திலும் 'நாம்' என்று எழுதுவாராயின், ராண்டைச் சுட்டவர் பட்டியலில் தமிழ் வாசகரையும் சேர்த்தவராவார். சீர்திருத்தக்காரரை அடித்தவர் பட்டியலிலும்தான்.

இது வெறும் மொழிபெயர்ப்புக் குறையன்று என்பதற்கு அதே ஆண்டில் அதே நகரில் எழுந்த மற்றொரு வழக்கு சான்று. 1897 சூன் 15 இதழில் திலகரின் 'கேசரி' ஒரு பாடலை வெளியிட்டது. இறந்த சிவாஜி உறக்கத்தினின்று விழித்துத் தம் நாட்டின் இன்றைய நிலையைக் கண்டு வருந்திப் பேசுவதாக அமைந்தது அது. இன்றைய வகைப்பாட்டில் இதனை அரசியல் விந்தைப் புனைவு என்றே சொல்லுதல் வேண்டும். ஒரு வாரத்தில் ராண்டு சுடப்பட்டார். அவ்விதழில் வந்த இப்பாடலும் சிவாஜி விழாச் செய்தியும் அரசத்துரோகம் என்று திலகர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்ட்ரேச்சியின் முன் நடந்த விசாரணையில் மராத்திச் சொற்களின் பொருள்பற்றி, அரசு மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில வடிவத்தை முன்வைத்து வாதங்கள் நடந்தன. ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் இல்லை என்றனர். பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்வழக்கில் மொழியியலார் கவனிக்க வேண்டிய சொல் 'டிஸ்அஃபெக்‌ஷன்' என்பது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவில் இருந்த இச்சொல்லுக்கு, அன்பு இல்லாமை என்பதே பொருள் என்று தொடங்கி, வெறுப்பு, பகை, இகழ்ச்சி எல்லாம் அதனுள் அடங்கும் என்று நீதிபதி விரித்தார். எதிர்மறை முன்னொட்டு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருளில் வரும் என்பது நம் உரையாசிரியர்கள் நன்கறிந்த செய்தி. அன்பின்மை வேறு, அன்பின் மறுதலையாகிய பகை வேறு. மறுதலையைத் தண்டிக்க எழுந்த சொல்லுக்கு இன்மைப் பொருள் கொண்டால், ஆள்வோர்மீது அன்பு இல்லாதவர் அனைவரும் குற்றவாளிகளாவர். (அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இச்சொல் இடம்பெறவில்லை.)

பாடலின் தன்மைச் சொல் சிவாஜியுடையது. அவர் தம் மக்களை நோக்கிப் பேசுகிறார். படிப்பவன் தான் அம்மக்களுள் ஒருவனா என்று தானே முடிவுசெய்துகொள்ளலாம்; விரும்பினால் வெறும் கற்பனை என்று ஒதுக்கலாம். விந்தைப் புனைவு தரும் இவ்வுரிமையே அதன் இன்பம். நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. சிவாஜியின் முகமூடியை நீக்கி, இது திலகரின் குரல் என்றும், படிப்பவர் அனைவரும் தூண்டப்படுவோர் என்றும் அது கொண்டது. சுவைக்கு இடமே வைக்காத வாசிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கட்சி சார்ந்த மதிப்புரைகள் பலவும் இதே முறையில்தான் எழுதப்பெறுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திலகரின் வழிவந்த தமிழர் இருவரை இங்கே சுருக்கமாக எண்ணலாம். பாரதியின் 'ஞானரதம்' திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடத்தில் தொடங்கிக் கந்தர்வலோகம் முதலான உலகங்களுக்குச் செல்கிறது. நாட்டின் நிலைபற்றிய கவலை அப்பயணத்தினூடே வருவதால் அது பாரமாகத் தெரிவதில்லை. ஆனால் 1911இல் சென்னை அரசு அவருடைய தன்வரலாற்றுப் பாடலாகிய 'கனவு', கதையாகிய 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரண்டையும் தடைசெய்தது. தன் பிள்ளைப் பருவத்துக் காதலைச் சொல்லும் பாட்டும், புனைந்த பாத்திரங்களின் கதையும் அரசுக்கு ஒரே வகையாகத் தெரிந்தன. வ.உ.சி. தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1946இல் அது நூலாயிற்று. செக்கிழுத்த துன்பத்தை அகவலின் நடையில் படிக்கும்போது இரக்கத்தைவிட நிமிர்வே மேலோங்குகிறது. உரைநடையில் எழுதியிருந்தால் இந்நிமிர்வு கிட்டியிராது என்பது என் எண்ணம்.

விந்தைப் புனைகதையில் தன்மைப் பன்மை எவ்வாறு சுவையாகிறது என்பதற்கு 1945இல் வெளிவந்த ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'யைக் காட்டலாம். பாலும் ஆப்பிள் பழங்களும் பன்றிகளுக்கே என்று ஒதுக்கப்பட்டதைப் பன்றியொன்று மற்ற விலங்குகளுக்கு விளக்கும் இடம் யாவரும் அறிந்ததே. பண்ணையிலுள்ள விலங்குகள் அனைத்தையும் குறித்து வந்த ஆங்கிலச் சொல், வடிவம் மாறாமலே பன்றிகளை மட்டும் குறிக்கத் தொடங்குகிறது. ஏமாற்று நடப்பது அச்சொல்லுக்குள்ளேதான். இதனைத் தமிழில் பெயர்ப்பவருக்கு அவ்வசதி இல்லை. பன்றி 'நாங்கள்' என்று சொன்ன கணமே குதிரைக்கும் ஆட்டுக்கும் உண்மை தெரிந்துவிடும். 'நாம்' என்று சொன்னால் பழத்தில் பங்கு கேட்கலாம். தமிழ் இலக்கணம் பன்றியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆர்வெலின் நகைச்சுவையில் ஒரு பகுதி இதனால் குறையும். வேறொரு நகைச்சுவை பிறக்கும். மேடைகளில் 'நாம்' என்று தொடங்கி, பதவி கிடைத்ததும் 'நாங்கள்' என்று முடிக்கும் பேச்சுகளைக் கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இரண்டாவதே கூடுதல் இன்பம் தரலாம்.

மீண்டும் எரவாடாவுக்கு வருவோம். தாமோதர் தூக்கிலிடப்பட்ட அதே சிறையில் கால் நூற்றாண்டுக்குப் பின், 1923இல், காந்தியடிகள் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றைக் குஜராத்தியில் சொல்ல, உடனிருந்த இந்துலால் யாக்னிக் எழுதத் தொடங்கினார். தில்லையாடி வள்ளியம்மை முதலிய தமிழர் இடம்பெறும் நூல் அது. ஆங்கில வடிவம் 1928இல் வந்தது. தமிழ்த் தொழிலாளரைப் பற்றிக் குஜராத்தி வாசகர்களுக்குச் சொல்லும் ஒரு குஜராத்தித் தலைவருக்கு 'அமே'யா 'ஆபணே'யா என்பது எளிய தேர்வன்று. சிறைக்குச் சென்றோர் என்னும் முறையில் அத்தமிழர் அவருடைய 'அமே'யைச் சேர்ந்தவர், வாசகர் சேரார். இந்தியர் என்னும் முறையில் அனைவரும் 'ஆபணே'. ஆங்கில வடிவத்தை அடியாகக் கொண்டு இந்நூலைத் தமிழாக்குபவர் இவ்வேறுபாட்டை மீட்டெடுக்க வேண்டுமாயின் குஜராத்தி மூலத்தையே நாடுதல் வேண்டும். அதுபோலவே சாபேகரின் நூலைத் தமிழாக்குவோர் மராத்தி மூலத்தினின்றே ஆக்குதல் வேண்டும். காவல்துறைக்காகச் செய்யப்பட்ட பெயர்ப்பு அப்பணிக்குப் போதாது.

அம்மராத்தி நூலை இக்கட்டுரையாளர் பிம்ப்ரித் தொழிற்சாலையொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு நண்பரோடு அமர்ந்து படித்தார். ஐயம் வரும் இடங்களில் அவர் உரக்கப் படித்துப் பொருள் சொல்வார். அரசியின் சிலை பற்றிய பகுதியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சீர்திருத்தக்காரரை அடித்த பகுதிக்கு வந்தபோதும் முதலில் அச்சிரிப்பு தொடர்ந்தது. பின்னர்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "என் பாட்டிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள் அடித்த கூட்டத்தார்தாம்" என்றார். நூலை அவர் மூடவில்லை. கண்ணாடியை அணிந்துகொண்டு அடுத்த பத்தியைப் படிக்கத் தொடங்கினார்.