டெபியனில் "ஏஎம்டி64" என்னும் பெயர்

டெபியன் லினக்சின் நிறுவல் கோப்புகள் செயலியின் கட்டமைப்பை வைத்தே பெயரிடப்படுகின்றன. இன்டெல் செயலி உள்ள கணினியை வைத்திருப்பவர் "ஏஎம்டி64" என்பதைக் கண்டதும் அது தமக்குரியது அல்ல என்று ஒதுக்கிவிடுவது இயல்பே. ஆனால் அவருக்கு வேண்டியது அதுதான். இந்த 64 பிட் விரிவாக்கத்தை வடிவமைத்தது ஏஎம்டி நிறுவனம். 2003இல் ஆப்டெரான் செயலியுடன் அது சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே இன்டெல்லும் அதனைப் பின்பற்றியது. முன்னோடிக்கு உரிய மதிப்பு என்ற வகையில் பெயர் நியாயமானதே. புதிய பயனருக்கோ அது வழிமறிக்கும் பெயர். நிறுவனம் எதையும் சுட்டாத "எக்ஸ்86_64" என்ற பெயரை ஃபெடோரா பயன்படுத்துகிறது. அதுவே மேல்.

முன்பு பட்டியலில் இருந்த "ஐஏ64" இன்னும் மோசம். இன்டெல்லின் வாடை அடித்தாலும் அது இட்டானியம் வழங்கிகளுக்கானது. வழக்கமான மேசைக்கணினியில் இயங்காது. "ஐ386" என்பதும் பெயரளவில்தான்: 1985இல் வந்த 80386 செயலியில் அண்மைக்கால டெபியன் ஓடாது. குழப்பத்தில் இந்தக் கோப்பை நிறுவியவர்களின் கணினி தடையின்றி இயங்கியிருக்கும், தவறு தெரிந்திருக்காது. 2025இல் வெளியான டெபியன் 13இல் ஐ386க்கு நிறுவியே இல்லை. அவர்கள் முனையத்தில் "எல்எஸ்சிபியு" கட்டளையை இட்டுப் பார்க்கலாம். 32 பிட், 64 பிட் இரண்டும் காட்டப்பட்டால், செயலி இன்டெல்லாக இருந்தாலும் ஏஎம்டி64 கோப்பே பொருந்தும்.