ஓரத்துச் சாம்பல்

திரையில் நகரும் எழுத்து பளிச்சென்று இருந்தால், அதன் விளிம்பில் வெள்ளை முடிந்த இடத்திலேயே கறுப்பு தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நன்றாக ரெண்டர் செய்த ஒரு ஃபிரேமை 8 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் படிந்திருக்கும். தேர்ந்த வேலை முழுக்க அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் 'ட'வின் நேர்கோடுகள் தப்பிக்கும். 'ஞ'வின் வளைவுகள் படிக்கட்டாகிவிடும். எழுத்து நகரத் தொடங்கியதும் அந்தப் படிகள் விளிம்பெங்கும் எறும்பு ஊர்வதுபோல் ஊரும். ஒரு பிக்சலுக்கு ஒரே புள்ளியில் மட்டும் நிறத்தைப் பார்ப்பதால் வரும் இந்தக் கோளாறைக் கணினி வரைகலை ஆய்வாளர் ஃபிராங்க் க்ரோ 1977இல் விரிவாக அலசினார். பிக்சலின் பரப்பில் எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அந்த விகிதத்தில் நிறம் கொடுப்பது அதற்கு மருந்து.

எவ்வளவு சாம்பல் என்பது கணக்கு மட்டுமல்ல, ரசனையும்கூட. 1988இல் டான் மிட்செல், அருண் நேத்ரவாலி என்ற ஆய்வாளர்கள், அந்தச் சாம்பலை நிர்ணயிக்கும் பலவகை ஃபில்டர்களின் விளைவைப் பார்வையாளர்களிடமே காட்டித் தரம் பிரித்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மங்கல். மறுபக்கம் சாய்ந்தால் விளிம்பையொட்டிப் போலி வளையங்கள். நடுவில் அவர்கள் கண்ட ஃபில்டர் மிட்செல் பெயரிலேயே இன்றும் மென்பொருள்களில் புழங்குகிறது. மங்கலாக இருந்தால் ஷார்ப்பன் போட்டால் போயிற்று என்பவர்கள், அந்தப் போலி வளையத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தமிழ் டைட்டிலை எடைபோட மெய்யெழுத்தின் புள்ளியைப் பார்த்தால் போதும். ஒரு பிக்சல் அளவுள்ள புள்ளி தன் கட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்தால் முழு வெள்ளை. அரை பிக்சல் வலமும் அரை பிக்சல் கீழும் தள்ளினால் அது நான்கு கட்டங்களில் சிதறி, ஒவ்வொன்றிலும் 25 விழுக்காடாகிவிடும். மெல்ல ஊரும் வரியில் அது மினுங்கி மினுங்கி அணையும். அணைந்த நொடியில் 'க்' 'க' ஆகிவிடும். ஆகவே புள்ளியைப் பருமனாக்க வேண்டும், வேகத்தையும் பார்க்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேமில், 1080 பிக்சல் உயரத்தை ஒரு பெயர் 15 விநாடியில் கடந்தால் ஃபிரேமுக்குச் சரியாக 3 பிக்சல். சாம்பல் இடம் மாறாது. யாரோ ஒரு விநாடியைக் குறைக்கச் சொன்னால் 3.21 ஆகும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுத்து வேறு உருவம் கொள்ளும்.

4கே வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பிக்சல் சிறுத்தால் குறையும் சிறுக்கும், உண்மை. ஆனால் பிக்சலின் அளவு மட்டுமல்ல, அதில் வந்து சேரும் நிறமும் முக்கியம். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறத்தகவல் உண்டு. வீட்டுக்கு வரும் ஸ்ட்ரீமிங்கில் வழக்கமாக நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத்தகவல்தான். வெளிச்ச வேறுபாடு மட்டுமே முழு நுணுக்கத்தோடு வந்து சேர்கிறது. கறுப்பின் மேல் வெள்ளைக்குப் பாதகமில்லை. திகில் படங்களுக்குப் பிடித்தமான ரத்தச் சிவப்புத் தலைப்பு, தியேட்டரில் கூராக இருந்துவிட்டு, கைப்பேசியில் பிசிறடிப்பது இதனால்தான். சிவப்பில் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டி வெளிச்சத்தை ஏற்றினால் பிசிறு அடங்கும். ரத்தம் சற்றே ஆரஞ்சாகத் தெரிவதற்கு இயக்குநர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.