நெல் அறையின் வாடைக்குச் சாம்பிராணி மருந்தாகுமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகளில் நெல் அறையைத் திறந்தால் ஒரு பூசண வாடை முகத்தில் அடிக்கும். தரை மண், சன்னல் மிகச் சிறியது, மூலையில் குதிரோ மூட்டைகளோ இருக்கும். இவ்வாடைக்கு வீட்டுக்கு வீடு வழங்கும் மருந்துகள் மூன்று: சாம்பிராணிப் புகை, அந்துருண்டை, வசதி வந்தபின் சிமெண்டுத் தரை. இம்மூன்றும் காரணத்தைத் தொடுவதில்லை என்பதே நமது விமர்சனம்.

வாடை எங்கிருந்து வருகிறது? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. 1965-இல் அமெரிக்காவில் கெர்பர், லெச்செவாலியர் ஆகியோர் இதற்குப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'மண் மணம்' என்பது இதன் பொருள். ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு அறிந்துவிடும். முதல் மழையின்போது நாம் மகிழ்ந்து நுகரும் மண்வாசனையிலும் இதற்குப் பங்குண்டு. திறந்த வயலில் அது காற்றோடு கலைந்துவிடுகிறது. மூடிய அறையிலோ தேங்கி நிற்கிறது. அத்துடன் சாக்கிலும் பாயிலும் மரத்திலும் வளரும் பூஞ்சணங்களின் ஆவிகளும் சேர்கின்றன. இவை யாவும் வளரத் தேவையானது ஈரம்.

இப்போது மருந்துகளைப் பார்ப்போம். சாம்பிராணி ஒரு மணத்தால் இன்னொன்றை மூடுகிறதேயன்றி, ஒரு சொட்டு ஈரத்தையும் குறைப்பதில்லை. அந்துருண்டை பூச்சிக்கானது. உண்ணும் தானியத்தின் அருகே வைக்கத் தகாதது. அதன் ஆவி குழந்தைகளுக்கும் ஆகாது. சிமெண்டுத் தரையைத்தான் பலரும் முடிவான தீர்வாக நம்புகிறார்கள். ஆனால் சிமெண்டிலும் நுண்துளைகள் உண்டு. அடியில் ஈரத்தடுப்பு இல்லையேல் ஓதம் அவற்றின் வழியே மேலேறும். சுவரிலும் ஏறி, உப்புப் பூத்து, பூச்சை உதிர்க்கும்.

"பாட்டன் காலத்தில் இதே மண்தரைதானே இருந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று வீட்டுத்தரை தெருவைவிட உயர்ந்திருந்தது. முற்றத்தில் வெயில் விழுந்தது. இன்று பல ஊர்களில் சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. முற்றத்துக்குக் கூரை போட்டாயிற்று. மழைநீர் வீட்டுச் சுவரோரமே தேங்குகிறது. டெல்டாவின் களிமண்ணோ நீரை எளிதில் விடுவதில்லை.

ஈரம் எவ்வழி வருகிறது என்பதை மாணவர்களே சோதிக்கலாம். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேலே இருந்தால் காற்றிலிருந்து படிகிறது.

நிலத்து ஈரமானால், முதலில் கூரைநீரைச் சுவரைவிட்டு அப்பால் ஓடச் செய்யவேண்டும். தரை போடும்போது மணல் பரப்பி, அதன்மேல் தடித்த பாலித்தீன் தாளை இடைவெளியின்றி விரித்து, பிறகே சிமெண்டு இடவேண்டும். காற்றின் ஈரமானால், மழை நாளில் சன்னலைத் திறந்து பயனில்லை. வெயில் எறிக்கும் நடுப்பகலில் திறப்பதே பயன் தரும். மூட்டைகள் சுவரைத் தொடாமல் பலகை மேல் இருக்கட்டும்.

இது மூக்குக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் பற்றும். விதைநெல் முளைப்புத்திறன் இழக்கும். ஓதமுள்ள வீடுகளில் இருமலும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. சாம்பிராணிப் புகை கெடுதலை நீக்காமல், அதை அறிவிக்கும் வாடையை மட்டும் மறைத்துவிடுகிறது. அடுத்த முறை வாடை வீசும்போது, தூபக்காலைத் தேடுமுன் வீட்டின் பின்புறம் சென்று மழைநீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.